பஞ்சம வட்டத்தை வைத்துப் பாட்டுக் கட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் ஒரு கடைவரிசையின் மாடி அறையில் கீபோர்டும் கித்தாரும் கற்பித்து வருகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் சொந்தமாக ஒன்றிரண்டு பாட்டு எழுதிக் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவர்கள். தைப்பூசத்துக்கு ஒரு முருகன் பாட்டு, தங்கை திருமணத்துக்கு ஒரு பாட்டு, குறும்படத்துக்கு ஒன்று என ஏதாவது ஒரு வேலை கையில் இருக்கும். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றையும் நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுர அடுக்குகளை, கித்தார்க்காரர்கள் சொல்லும்படியே சி, டி, ஈ என்று குறித்திருக்கிறேன். பாடகர் கணக்கில் சி என்பது ஒரு கட்டை, டி இரண்டு கட்டை, ஜி ஐந்து கட்டை, ஏ ஆறு கட்டை.

பஞ்சம வட்டம் என்பது என்ன?

'சர்க்கிள் ஆஃப் ஃபிஃப்த்ஸ்' என்று இசைப் பள்ளிகளில் சொல்லப்படுவதையே பஞ்சம வட்டம் என்கிறேன். கடிகார முகப்பில் பன்னிரண்டு எண்கள் நிற்பது போலப் பன்னிரண்டு சுரங்களை வட்டமாக நிறுத்தி, உச்சியில் சி வைத்து, முள் செல்லும் திசையில் ஒவ்வொன்றுக்கும் அதன் பஞ்சமத்தை அடுத்ததாக எழுதினால் இந்த வட்டம் கிடைக்கும்: சி, ஜி, டி, ஏ, ஈ, பி, எஃப் ஷார்ப், டி ஃபிளாட், ஏ ஃபிளாட், ஈ ஃபிளாட், பி ஃபிளாட், எஃப், மீண்டும் சி. ஷார்ப் என்றால் அரைச் சுரம் மேலே, ஃபிளாட் என்றால் அரைச் சுரம் கீழே. ச பாடிப் ப-வைப் பிடியுங்கள். அந்தப் ப-வையே புதிய ச ஆக்கிக்கொண்டு அதற்கொரு ப பாடுங்கள். பன்னிரண்டு முறை இப்படிச் செய்தால் புறப்பட்ட சுரத்துக்கே வந்து சேருவீர்கள்.

வலப்பக்கம் ஒரு படி நகர்ந்தால் மேஜர் ஸ்கேலில் (சங்கராபரணத்தின் ஏழு சுர வரிசை) ஒரு ஷார்ப் கூடும். உச்சியிலிருந்து இடப்பக்கம் நகர்ந்தால் படிக்கு ஒரு ஃபிளாட் கூடும். நம் ஊரில் ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வுக்குப் படித்த பிள்ளைகள், எந்த ஸ்கேலில் எத்தனை ஷார்ப் என்று மனப்பாடம் செய்வதற்காக இந்த வட்டத்தை ஐந்தாம் நிலைக்குள் பலமுறை வரைந்திருப்பார்கள். தேர்வு முடிந்ததும் அந்தத் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். பாட்டெழுதுகிறவருக்கு வட்டம் உதவத் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

கார்டு வரிசை அமைக்க வட்டத்தை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும்?

பெரும்பாலும் முள்ளுக்கு எதிர்ப்பக்கம். ஜி கார்டோடு எஃப் சுரமும் சேர்ந்த ஜி செவன் கார்டை அழுத்திவிட்டுச் சற்றுப் பொறுத்திருங்கள். சி கார்டு வந்தால்தான் காது அமைதி அடையும். ஜி செவனுக்குள் பி என்ற சுரமும் எஃப் என்ற சுரமும் இருக்கின்றன. பி அரைச் சுரம் ஏறிச் சி ஆக விரும்புகிறது, எஃப் அரைச் சுரம் இறங்கி ஈ ஆக விரும்புகிறது, அடியில் பாஸ் எனும் கீழ்ச்சுரம் ஐந்தாம் இடத்திலிருந்து ஆதாரத்துக்கு இறங்குகிறது. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் நிகழ்வதால்தான் அந்த நகர்வுக்கு வீடு திரும்பிய உணர்வு வருகிறது. முழுச் சுற்று வரிசை என்பது இந்த ஒரே நகர்வைப் பல மூலசுரங்களில் அடுத்தடுத்துச் செய்வதே.

ஸ்கேலின் சுரங்களை 1 முதல் 7 வரை எண்ணினால், சி மேஜரில் அது 1-4-7-3-6-2-5-1 என்று வரும்: சி, எஃப், பி டிமினிஷ்ட், ஈ மைனர், ஏ மைனர், டி மைனர், ஜி, சி. மைனர் கார்டில் மூன்றாம் சுரம் அரைச் சுரம் இறங்கியிருக்கும், டிமினிஷ்டில் ஐந்தாம் சுரமும் சேர்ந்து இறங்கியிருக்கும். இந்த வரிசையில் ஒரு சூட்சுமம் உண்டு. எஃப் சுரத்துக்கு அடுத்து வட்டப்படி வரவேண்டியது பி ஃபிளாட். நாம் எடுப்பதோ பி. அதாவது வட்டத்தின் ஒரு கரையிலிருந்து நேர் எதிர்க் கரைக்கு ஒரே தாவாகத் தாவுகிறோம். அந்தத் தாவல் இல்லாவிட்டால் வரிசை ஸ்கேலை விட்டு வெளியேறிப் பன்னிரண்டு சுரங்களையும் சுற்றி வந்துதான் வீடு சேரும்.

மைனரில் ஏன் இந்த வரிசை இவ்வளவு உருக்கமாக ஒலிக்கிறது?

ஏ மைனரில் முழுச் சுற்று இப்படி வரும்: ஏ மைனர், டி மைனர், ஜி, சி, எஃப், பி டிமினிஷ்ட், ஈ, ஏ மைனர். எண்பதுகளின் மலாய் மெல்லிசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வரிசையைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. கை தானாகப் போகும்.

அந்த உருக்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, எல்லாக் கார்டுகளிலும் ஏழாம் சுரத்தைச் சேர்த்துக்கொண்டு, வலக்கையில் இரண்டே விரல்களை மட்டும் வையுங்கள். ஏ சுரத்தை ச ஆகக் கொண்டால், ஒரு விரல் வாசிப்பது நி, த, த, ப, ப, ம, ம, க. மற்ற விரல் வாசிப்பது க, க, ரி, ரி, ச, ச, நி, ச. கடைசி நி மட்டும் காகலி நிஷாதம், அதாவது ஜி ஷார்ப். மற்றவையெல்லாம் நடபைரவி ராகத்தின் சுரங்கள். ஒரு விரல் இறங்கும்போது மற்றொன்று நிற்கிறது. அது நிற்கும்போது இது இறங்குகிறது. எட்டுக் கார்டு கடந்தும் எந்த விரலும் ஒரு படிக்கு மேல் நகரவில்லை. இடக்கை பாஸ் மட்டும் நாலு சுரம் ஏறி ஐந்து சுரம் இறங்கித் தாவிக்கொண்டிருக்கிறது. மேலே இரண்டு குரல்கள் மெல்லப் படியிறங்குவதும் கீழே நிலம் பெயர்ந்துகொண்டே இருப்பதும் சேர்ந்துதான் அந்த உருக்கம்.

வகுப்பில் இதை வாசித்துக் காட்டும்போது நான் பாஸை நிறுத்திவிட்டு இரண்டு விரலை மட்டும் ஒருமுறை வாசிப்பேன். அண்மையில் லாரி ஓட்டும் தம்பி ஒருவர், "இதுவே ஒரு பாட்டுதானே, சார்" என்றார். அவர் சொன்னது சரி. முழுக் கார்டையும் பத்து விரலால் அழுத்தி இந்த இரண்டு கோடுகளைப் புதைத்துவிடுவதே பலர் செய்யும் பிழை.

முழுச் சுற்றையும் பயன்படுத்தியே ஆக வேண்டுமா?

தேவையில்லை. வட்டத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுப்பதே அன்றாட வழக்கம். 2-5-1, அதாவது டி மைனர், ஜி, சி, மிகச் சிறிய துண்டு. 6-2-5-1 அதைவிட ஒரு படி நீளம். 3-6-2-5-1 இன்னும் ஒரு படி. எங்கே வெட்டுகிறோம் என்பதைவிட எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் பாட்டுக்காரரின் கைவண்ணம் தெரியும். 6-2-5 வரை வந்து 5-லேயே நின்றுவிட்டால் கேட்கிறவருக்கு ஒரு கேள்வி தொங்கி நிற்கும். சரணத்தின் கடைசி அடியை அப்படித் தொங்கவிட்டுப் பல்லவியின் முதல் சொல்லில் 1-ஐப் போட்டால், பல்லவி புதிதாகப் பிறந்தது போல் ஒலிக்கும்.

எனது தனிப்பட்ட வழக்கம், பல்லவியில் வட்டத்தைத் தொடாமல் இருப்பது. பல்லவி மக்கள் வாயில் தங்க வேண்டியது. அதற்கு இரண்டு அல்லது மூன்று கார்டு போதும். நகர்ந்துகொண்டே இருக்கும் கார்டு வரிசையைச் சரணத்துக்கு வைத்துக்கொண்டால், கதை நகர்கிற இடத்தில் இசையும் நகரும்.

முதலில் மெட்டா, கார்டு வரிசையா, வரிகளா?

யார் எதில் வல்லவரோ அதிலிருந்து தொடங்கலாம் என்பது மரியாதையான பதில். பஞ்சம வட்டத்தைப் பொறுத்தவரை என் பதில் வேறு: மெட்டு முதலில். வட்ட வரிசை தன் போக்கில் ஓடும் ஆறு போன்றது. அதை முதலில் ஓடவிட்டு அதன் மேல் பாடத் தொடங்கினால், மெட்டும் அதன் இழுப்பிலேயே போய், கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு இறங்கும். கேட்க இனிமையாக இருக்கும். மறுநாள் நினைவில் இருக்காது. கார்டில்லாமல் வெறும் வாயால் பாடிப் பார்த்து நிற்கிற மெட்டுக்கு வட்டத்தைத் துணையாக வைத்தால் இரண்டும் பிழைக்கும்.

ஆயினும் தமிழ்ப் பாட்டுக்கு இந்த வரிசையில் ஓர் இயல்பான பொருத்தம் இருக்கிறது. எட்டுக் கார்டுகளையும் இரண்டிரண்டாகப் பிரியுங்கள். ஏ மைனரும் டி மைனரும் ஒரு ஜோடி. ஜியும் சியும் அடுத்தது. எஃப், பி டிமினிஷ்ட் மூன்றாவது. ஈ, ஏ மைனர் நான்காவது. ஜோடிகளின் தலைப்பைப் பார்த்தால் ஏ, ஜி, எஃப், ஈ என்று அடிக்கு ஒரு படியாக இறங்குகிறது. அடிதோறும் எதுகை வைத்து எழுதும் நமக்கு இது கைகொடுக்கும்:

மாடி வீட்டு விளக்கணைய
தேடி வந்த நிலவிருக்கு
பாடி முடித்த பாட்டினிலே
கூடி நிற்கும் குரலிருக்கு

நான்கு அடிக்கும் ஒரே சந்தம். ஒவ்வோர் அடியையும் முந்தையதைவிட ஒரு சுரம் கீழே தொடங்கலாம். எதுகைச் சொல் விழும் இடத்தில்தான் ஜோடியின் முதல் கார்டும் விழுகிறது. ஆனால் நான்காம் அடியையும் அதே அச்சில் வார்த்தால் பாட்டு இயந்திரமாகிவிடும். மூன்று அடி இறங்கிய பிறகு நான்காவதை மேலே எடுத்துச் செல்லுங்கள். 'கூடி' என்ற சொல்லை மேல் ஸ்தாயியில் வைத்துப் பாடிப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

ராகத்தில் அமைந்த மெட்டுக்கு இந்த வரிசையை வைக்கலாமா?

வைக்கலாம், எல்லா ராகத்துக்கும் வைக்க முடியாது. சி சுரத்தை ச ஆகக் கொண்டால் சங்கராபரணம் என்பது சி மேஜர் ஸ்கேலே. முழுச் சுற்றும் அதற்குள் அடங்கும். மைனர் பக்கம் சிறு சிக்கல் உண்டு. ஏ சுரத்தை ச ஆக வைத்த நடபைரவியில் ஜி உண்டு, ஜி ஷார்ப் இல்லை. கீரவாணியில் ஜி ஷார்ப் உண்டு, ஜி இல்லை. வட்ட வரிசையோ நடுவில் ஜி கார்டையும் இறுதியில் ஜி ஷார்ப் உள்ள ஈ கார்டையும் சேர்த்தே கேட்கிறது. அதாவது ஒரு சுற்றுக்குள் நடபைரவியில் புறப்பட்டுக் கீரவாணியில் வந்து இறங்குகிறீர்கள். மெல்லிசைக்கு இது அழகு. சபையில் அமர்ந்து கேட்கும் பெரியவர் ஒருவர் புருவம் உயர்த்தினால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

சுரம் குறைந்த ராகங்களில்தான் மாட்டிக்கொள்வோம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பிள்ளையார் பாட்டுக்கு இசைக்கோர்ப்பு செய்தபோது ஹம்சத்வனி மெட்டுக்கு அடியில் முழுச் சுற்றையும் விரித்து வைத்தேன். ஹம்சத்வனியில் ம-வும் த-வும் கிடையாது. சி சுரத்தை ச ஆக வைத்தால் எஃப், ஏ இரண்டும் இல்லை. என் வரிசையிலோ எஃப், பி டிமினிஷ்ட், ஏ மைனர், டி மைனர் நான்கிலும் அந்தச் சுரங்கள் நிரம்பியிருந்தன. பாட வந்த அம்மையார் முறையாகக் கற்றவர். ஒருமுறை கேட்டுவிட்டு, "நான் ஹம்சத்வனி பாடுகிறேன், தம்பி, நீங்கள் சங்கராபரணம் வாசிக்கிறீர்கள்" என்றார். ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மணிக்கணக்கில் வாடகை. அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்துச் சி, ஈ மைனர், ஜி என்ற மூன்றோடு நிறுத்தினேன். ஹம்சத்வனிக்குள் முழுமையாக அடங்கும் மூன்று சுரக் கார்டுகள் அந்த மூன்றுதான். அதிலும் ஜி கார்டிலிருந்து சி கார்டுக்கு வரும் பஞ்சம இறக்கம் இருக்கிறது. அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

மாயாமாளவகௌளை வேறு வகைச் சோதனை. அதில் சுத்த ரிஷபம், அதாவது டி ஃபிளாட், இருப்பதால் முறையான ஜி கார்டு அமையாது. 5-1 இறக்கம் கையை விட்டுப் போகிறது. ஆனால் வட்டத்தில் ஜி சுரத்துக்கு நேர் எதிரே நிற்பது டி ஃபிளாட். ஜி செவனை இழுக்க வைக்கும் பி, எஃப் என்ற அதே இரண்டு சுரங்கள் டி ஃபிளாட் செவனிலும் இருக்கின்றன. அதன் நான்கு சுரங்களான டி ஃபிளாட், எஃப், ஏ ஃபிளாட், பி அனைத்தும் மாயாமாளவகௌளையின் சுரங்களே. ஆகவே டி ஃபிளாட் செவனிலிருந்து சி மேஜருக்கு அரைச் சுரம் இறங்கினால், ராகத்தை விட்டு வெளியேறாமலே வீடு திரும்பலாம். ஜாஸ் வாசிப்பவர்கள் ஜி செவனுக்குப் பதிலாக இந்தக் கார்டைப் போடுவதைப் பெரிய வித்தையாகச் சொல்வார்கள். நம் பிள்ளைகள் முதல் பாடமாகச் சரளிவரிசை பாடும் ராகத்துக்குள்ளேயே அது உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்த நாளில் நான் தேநீரை ஆறவிட்டுவிட்டேன்.

சுருதிப் பெட்டியை ஓடவிட்டுக்கொண்டே இந்த வரிசையை வாசிக்கலாமா?

வேண்டாம். சுருதிப் பெட்டி ச-வையும் ப-வையும் விடாமல் ஒலிக்கும். கார்டு மாறும்போது அந்த இரண்டும் உராயத் தொடங்கும். பி டிமினிஷ்ட் வரும்போது சி சுரம் அடியில் நின்றால் பல் கூசும். ஆலாபனையாகத் தொடங்கும் பாட்டில் சுருதியை வைத்து, தாளம் எடுக்கும் இடத்தில் அதை மெல்லக் குறைத்துவிடுவது வழக்கம்.

கித்தாரில் பி டிமினிஷ்ட் பிடிக்க வரவில்லை. விட்டுவிடலாமா?

விட வேண்டாம், எளிய பிடி இருக்கிறது. ஐந்தாம் தந்தியில் 2-ஆம் ஃபிரெட், நான்காம் தந்தியில் 3, மூன்றாம் தந்தியில் 2, இரண்டாம் தந்தியில் 3. மற்ற இரண்டு தந்திகளும் ஒலிக்கக் கூடாது. கிடைப்பது பி, எஃப், ஏ, டி; பி டிமினிஷ்டோடு ஏழாம் சுரமான ஏ சேர்ந்தது. உண்மையில் இது பி சுரத்தை அடியில் வைத்த டி மைனர் கார்டுதான். ஆகவே பாஸ் கித்தார் வாசிப்பவர் பி கொடுப்பாரானால் நீங்கள் வெறும் டி மைனர் பிடித்தாலே போதும்.

ஆணும் பெண்ணும் பாடும் பாட்டில் சுருதி சிக்கலுக்கு வட்டம் உதவுமா?

மிகவும் உதவும். இந்தக் கேள்விக்காகவே வட்டத்தை அறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஆண் குரல் ஒரு கட்டையிலும் பெண் குரல் ஐந்து கட்டையிலும் வசதியாக அமைவது நாம் அடிக்கடி காண்பது. ஒரே சுருதியில் இருவரையும் பாட வைத்தால் யாராவது ஒருவர் அடித்தொண்டையில் முனகுவார், அல்லது கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவார். வட்டத்தைப் பாருங்கள்: ஒரு கட்டையான சியும் ஐந்து கட்டையான ஜியும் பக்கத்து வீடுகள். இரண்டு ஸ்கேலுக்கும் ஏழில் ஆறு சுரங்கள் பொது. எஃப் மட்டும் எஃப் ஷார்ப் ஆகிறது.

ஆகவே ஆண் பல்லவியைச் சி மேஜரில் முடித்ததும் ஏ மைனருக்குச் செல்லுங்கள். அது சி ஸ்கேலில் ஆறாவது, ஜி ஸ்கேலில் இரண்டாவது; இரண்டு வீட்டுக்கும் பொதுவான திண்ணை. அங்கிருந்து டி செவன், பிறகு ஜி. பெண் குரல் சரணத்தைத் தன் சுருதியில் எடுத்துக்கொள்ளும். திரும்பி வருவது இன்னும் எளிது: ஜி கார்டில் எஃப் சுரத்தைச் சேர்த்து ஜி செவன் ஆக்கினால் அதுவே சி கார்டுக்கு இழுத்து வந்துவிடும். கேட்கிறவர் சுருதி மாறியதை உணரமாட்டார். சரணத்தில் வெளிச்சம் கூடியது என்று மட்டும் நினைப்பார்.

கடைசிப் பல்லவியை அரைக் கட்டை ஏற்றிப் பாடுவது வேறு விஷயம். சி சுரத்துக்கும் அரைக் கட்டை மேலுள்ள சுரத்துக்கும் வட்டத்தில் ஐந்து படி இடைவெளி. இரண்டு ஸ்கேலுக்கும் இரண்டே சுரங்கள் பொது. அங்கே மறைக்க முயல வேண்டாம். மாற்றம் பளிச்சென்று தெரிவதே அதன் பயன்.

முள் செல்லும் திசையிலேயே கார்டுகளை நகர்த்தினால் என்ன ஆகும்?

இழுப்பு போய்விடும், வேறொரு குணம் வரும். பி ஃபிளாட், எஃப், சி என்று வலப்பக்கமாக வந்து நிற்கும் வரிசை ராக் பாடல்களில் சாதாரணம். அதில் வீடு திரும்பும் ஏக்கம் இல்லை. நெஞ்சை நிமிர்த்தி நடக்கும் தோரணை உண்டு. உறுமி மேளம் அதிரும் பாட்டுகளுக்கு, எதிர்த்திசை வரிசையைவிட இது பொருந்துவதைப் பார்த்திருக்கிறேன்.

மைனர் கார்டுகளை மேஜர் ஆக்கினால் பாட்டு கெட்டுவிடுமா?

அளவோடு செய்தால் சுவை கூடும். 3-6-2-5-1 வரிசையில் ஈ மைனர், ஏ மைனர், டி மைனர் என்பவற்றை ஈ செவன், ஏ செவன், டி செவன் என்று மாற்றினால் ஒவ்வொரு கார்டும் அடுத்ததை 5-1 வேகத்தோடு இழுக்கும். மெட்டில் உருக்கம் குறைந்து குறும்பு ஏறும். எல்லாவற்றையும் மாற்றாமல் டி மைனரை மட்டும் டி செவன் ஆக்கிப் பாருங்கள். அதற்குள் இருக்கும் எஃப் ஷார்ப் பிரதி மத்திமம், அதாவது அரைச் சுரம் ஏறிய ம. கல்யாணி ராகத்தின் வாசனை ஒரு கணம் வீசிவிட்டு, ஜி செவனில் சுத்த மத்திமம் வந்ததும் மறையும். பாடகர் அந்தக் கணத்தில் பழைய ம-வையே பிடித்துக்கொண்டிருந்தால் மோதும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இந்த வரிசையை வைத்தால் எல்லாப் பாட்டும் ஒன்றுபோலவே ஒலிக்கிறதே?

ஒலிக்கும், நான்கு எண்ணிக்கைக்கு ஒரு கார்டு என்று எட்டுக் கார்டையும் சமமாகப் பரிமாறினால். முதல் கார்டை எட்டு எண்ணிக்கை நிறுத்தி, அடுத்த இரண்டை இரண்டிரண்டு எண்ணிக்கையில் ஓட்டிப் பாருங்கள்; அதே வரிசை வேறு ஆளாகிவிடும். பாஸை எப்போதும் மூலசுரத்திலேயே வைக்காமல் கார்டின் மூன்றாம் சுரத்துக்கு மாற்றினால் தாவல் குறைந்து படிக்கட்டு கிடைக்கும். 5-க்குப் பிறகு எல்லோரும் 1-ஐ எதிர்பார்த்திருக்கும்போது 6-ஐ வைத்து ஏமாற்றலாம். மற்றதெல்லாம் மெட்டின் பொறுப்பு. எலும்புக்கூடு எல்லோருக்கும் ஒன்றுதான், முகம் வேறு.

இது மேற்கத்தியர் கண்டது மட்டும்தானா? தமிழிசையில் இதற்கு இணை உண்டா?

வட்டமாக வரைந்த படம் 1670களின் இறுதியில் நிக்கோலாய் டிலெட்ஸ்கி எழுதிய இசை இலக்கண நூலில் காணப்படுகிறது; ஜெர்மானியரான ஹைனிகன் 1728இல் வெளியிட்ட நூல் ஸ்கேல்களை வட்டமாக அடுக்கிக் காட்டியது.

தமிழில், சிலப்பதிகார ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு சுரங்களின் பெயர்களைத் தாங்கி வட்டமாக நிற்கிறார்கள். பாலைகள் எனும் பண் வகைகளைப் பிரிக்கும் முறைகளில் வட்டப்பாலை என்றே ஒன்று உண்டு. பன்னிரண்டு இராசிகளை வட்டமாக வைத்து அதில் சுரங்களை நிறுத்துவது அது. இதைவிட எனக்கு வியப்பளிப்பது, சுரங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் வரிசையைச் சிலப்பதிகார உரையில் சொல்லியிருக்கும் விதம்: தாரத்தில் உழை, உழையில் குரல், குரலில் இளி, இளியில் துத்தம், துத்தத்தில் விளரி, விளரியில் கைக்கிளை. இன்றைய பெயரில் நி, ம, ச, ப, ரி, த, க. ஒவ்வொன்றும் முந்தையதன் பஞ்சமம். இதையே கடைசியிலிருந்து படியுங்கள்: க, த, ரி, ப, ச. எண்ணால் எழுதினால் 3-6-2-5-1.

இதைச் சொன்னவுடன், "அப்படியானால் கார்டு வரிசையையும் நாம்தான் கண்டுபிடித்தோம்" என்று மாணவர்கள் துள்ளுவார்கள். அப்படிச் சொல்ல முடியாது. சுரங்களின் உறவை நம்மவர் பஞ்சம வழியில் கணக்கிட்டார்கள். பல சுரங்களை ஒரே நேரத்தில் அடுக்கி ஒலிக்கச் செய்து அவற்றை நகர்த்தும் முறை ஐரோப்பாவில் வளர்ந்தது. இரண்டையும் அறிந்த தலைமுறை நாம். பெருமை பேசுவதைவிடப் பாட்டுக் கட்டுவது நல்ல வேலை.

பன்னிரண்டு பஞ்சமம் ஏறினால் சரியாகப் புறப்பட்ட இடத்துக்கே வருமா?

தூய பஞ்சமமானால் வராது. பஞ்சமத்தின் அதிர்வு விகிதம் 3க்கு 2. ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கிக்கொண்டே போய்ப் பன்னிரண்டு ஒன்றரைகளைப் பெருக்கினால் ஏறத்தாழ 129.75 வரும், ஏழு ஸ்தாயி ஏறினால் வருவதோ 128. அரைச் சுரத்தை 100 சென்ட் என்று கணக்கிட்டால் அந்த வேறுபாடு சுமார் 23.5 சென்ட். கீபோர்டு அதைப் பன்னிரண்டாகப் பங்கிட்டு ஒவ்வொரு பஞ்சமத்திலும் சுமார் 2 சென்ட் குறைத்துவிடுகிறது. அதனால்தான் வட்டம் மூடுகிறது. தம்புராவோடு பாடிப் பழகிய காது கீபோர்டின் பஞ்சமத்தில் ஏதோ ஒரு குறை காண்பது கற்பனையன்று.

பிரபலமான பாட்டின் கார்டு வரிசையை எடுத்துக்கொண்டால் வழக்கு வருமா?

பஞ்சம வட்ட வரிசை யாருடைய தனிச்சொத்தும் அன்று. எண்ணற்ற பாட்டுகளில் இருக்கும் பொதுவான கருவி அது. மெட்டும் வரிகளும் அப்படியல்ல. மலேசியாவில் 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி இசைப் படைப்புக்கான உரிமை படைத்தவரின் வாழ்நாளுக்கும் அதன் பிறகு 50 ஆண்டுகளுக்கும் நிற்கிறது. உங்கள் பாட்டை வெளியிடும் முன் மைஐபிஓ எனப்படும் அறிவுசார் சொத்துக் கழகத்தில் விருப்பப் பதிவு செய்துகொள்ளலாம். உரிமை பதிவினால் பிறப்பதன்று. பதிவு பின்னாளில் சான்றாக உதவும்.

எங்கே தொடங்கிப் பயில்வது?

ஒரு வாரம் 2-5-1 மட்டும். முதல் நாள் சி ஸ்கேலில் டி மைனர், ஜி, சி. மறுநாள் வட்டத்தில் ஒரு படி இடப்பக்கம் போய் எஃப் ஸ்கேலில் ஜி மைனர், சி, எஃப். இப்படி நாளுக்கு ஒரு வீடு. ஒவ்வொரு நாளும் வாசித்து முடித்தபின் கீபோர்டை மூடிவிட்டு, அன்றைய 1-இல் முடியும் ஓர் அடியை வாயால் மட்டும் பாடிப் பதிந்துகொள்ளுங்கள். ஏழாம் நாள் ஏழு அடிகள் கையில் இருக்கும். அவற்றில் ஐந்து உதவாது. மீதி இரண்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வாருங்கள்.